குடியா, கஞ்சாவா: ஞாபகத்தை எது அதிகம் தின்னும்?

"குடியைவிடக் கஞ்சா மேல் மாமா, அது செடிதானே" என்றான் கல்லூரியில் படிக்கும் என் அக்கா மகன். அரளியும் செடிதான் என்று சொல்லி வாயை அடைத்திருக்கலாம். ஆனால் அவன் சொன்னதில் பாதி நியாயம் இருக்கிறது, அதனால் ஒழுங்காகப் பதில் சொல்ல நினைத்தேன்.

முதலில் குடி. என் சித்தப்பா முப்பது வருஷம் குடித்தவர். கடைசிக் காலத்தில், சாப்பிட்ட கை காய்வதற்குள் "இன்னும் சோறு போடலையா?" என்பார். காலையில் எங்கே போனீர்கள் என்று கேட்டால், வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சிய கதையை விவரமாகச் சொல்வார். வயலை விற்றுப் பத்து வருஷம் ஆகியிருந்தது. வாயைத் திறந்தால் பொய் என்று சித்தி அழுவார். அது பொய் இல்லை. ஞாபகம் காலியான இடத்தை மூளை தானாகவே கதையால் நிரப்பிக்கொள்கிறது. ரஷ்ய மருத்துவர் கோர்சகாஃப் 1887லேயே இதை எழுதிவைத்திருக்கிறார்.

இதற்கு நேரடிக் காரணம் தயாமின் என்கிற பி1 வைட்டமின் பற்றாக்குறை. குடிப்பவர்கள் சரியாகச் சாப்பிடுவதில்லை. சாப்பிட்டாலும் குடல் அதை உறிஞ்சிக்கொள்ள மது விடுவதில்லை. பி1 இல்லாமல் மூளை செல்களால் சர்க்கரையை எரித்துச் சக்தியாக்க முடியாது. ஞாபகத்துக்கு வேண்டிய உட்பகுதிகள் செத்துப்போகின்றன. அதற்கு முன்பே அறிகுறி தெரியும்: கண் ஒழுங்காக அசையாது, நடை தள்ளாடும், பேச்சில் குழப்பம் இருக்கும். போதைதான், தூங்கி எழுந்தால் சரியாகிவிடும் என்று வீட்டில் விட்டுவிடுவோம். நாங்களும் விட்டோம். அந்த நேரத்தில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் பி1 ஊசி நிறையக் காப்பாற்றியிருக்கும். கோர்சகாஃப் நிலை முற்றிய பிறகு முழுசாகத் திரும்புகிறவர்கள் குறைவு.

கஞ்சா வேலை செய்யும் விதமே வேறு. அதில் போதை தரும் டிஎச்சி என்கிற பொருள், மூளையில் புது விஷயங்களைப் பதிவு செய்யும் ஹிப்போகாம்பஸ் பகுதியில் நெருக்கமாக இருக்கும் சிபி1 ஏற்பிகளில் (செல்கள் சேதி வாங்கும் இடங்களில்) போய் ஒட்டிக்கொள்கிறது. போதையில் ஒரு வாக்கியத்தை ஆரம்பித்தவன் முடிப்பதற்குள் தொடக்கத்தை மறப்பது அதனால்தான். தினமும் புகைப்பவர்களுக்கு இந்த ஏற்பிகள் குறைகின்றன. ஒரு மாதம் நிறுத்தினால் பெரும்பாலும் மீள்கின்றன. அமெரிக்காவில் சுமார் 25 ஆண்டுகள் பின்தொடர்ந்த ஓர் ஆய்வில் 15 சொற்களைச் சொல்லி, கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டார்கள். ஒவ்வொரு ஐந்து வருஷக் கஞ்சாப் பழக்கத்துக்கும், சராசரியாக இரண்டு பேரில் ஒருவருக்கு ஒரு சொல் குறைந்தது. சித்தப்பாவுக்கு நேர்ந்ததோடு பார்த்தால் சின்ன இழப்பு.

ஆனால் வயசு நடுவில் வந்தால் கணக்கு மாறுகிறது. நியூசிலாந்தின் டுனிடின் நகரில் 1972-73ல் பிறந்த 1,037 பேரை 38 வயது வரை சோதித்தார்கள். பதின்வயதில் தொடங்கி விடாமல் புகைத்தவர்களுக்கு ஐக்யூ சுமார் 8 புள்ளி குறைந்தது. பிற்பாடு நிறுத்தியும் முழுசாகத் திரும்பவில்லை. பெரியவர்களாகித் தொடங்கியவர்களிடம் அந்தச் சரிவு தெரியவில்லை. பின்னால் இரட்டையர்களை வைத்துச் செய்த ஆய்வுகளில், புகைத்தவருக்கும் புகைக்காத உடன்பிறப்புக்கும் வித்தியாசம் தெரியவில்லை. எனவே வளர்ந்த சூழலுக்கும் பங்கிருக்கலாம். இருந்தாலும், இன்னும் வளர்ந்துகொண்டிருக்கும் மூளையை வைத்துச் சோதித்துப் பார்க்க எனக்கு மனசில்லை.

பார்ட்டிகளில் போதைக்காக எடுக்கும் எக்ஸ்டசி மாத்திரை பற்றியும் கேட்டான். நிறைய எடுத்தவர்களிடம் ஞாபகக் குறைவு தெரிகிறது. ஆனால் அவர்கள் மற்றதையும் சேர்த்தே எடுப்பதால் எதன் வேலை என்று பிரிப்பது கஷ்டம். எக்ஸ்டசி மூளையைக் கெடுக்கிறது என்று 2002ல் பெரிதாகப் பேசப்பட்ட ஒரு குரங்கு ஆய்வை, பாட்டில் மாறி, கொடுத்தது மெத்தாம்பெட்டமைன் என்கிற வேறு போதைமருந்து என்று தெரிந்து அடுத்த வருஷமே திரும்பப் பெற்றார்கள்.

சரி, என் கணிப்பு: ஞாபகத்தை மட்டும் பார்த்தால் நீண்டகாலக் குடிதான் மோசம். நிறுத்துவதிலும் அப்படித்தான். தினமும் நிறையக் குடிப்பவர் திடீரென நிறுத்தினால் வலிப்பு வரலாம், உயிரே போகலாம். டாக்டர் துணை கட்டாயம். கஞ்சாவை விட்டால் ஓரிரு வாரம் தூக்கம் கெடும், எரிச்சல் வரும். மனநோய் அபாயத்தையும் சேர்த்தால் கஞ்சாவை நல்லது என்று சொல்லவே மாட்டேன்.

எப்போது ஆரம்பித்தாய் என்று அவனைக் கேட்டேன். பதினாறில் என்றான். ஒரு மாதம் நிறுத்திப் பார் என்றேன். இன்று பதினோராவது நாள். தூக்கம் வரவில்லை என்று ராத்திரி போன் பண்ணுகிறான், எடுத்துப் பேசிக்கொண்டிருக்கிறேன்.