கியர்பாக்ஸ் ஜாக்: எடையைப் பார்க்காதீர்கள், தட்டைப் பாருங்கள்

பழைய காரைப் புதுப்பிக்கிறவர்கள் கியர்பாக்ஸ் ஜாக் (காருக்கு அடியில் கியர் பெட்டியைத் தாங்கி இறக்கவும் ஏற்றவும் உதவும் கருவி) வாங்கும்போது முதலில் கேட்பது, எவ்வளவு எடை தூக்கும் என்பதைத்தான். என்னிடம் இருப்பது அரை டன் தாங்கும் தாழ்வான வகை. சிறிய பழைய காரின் 4 கியர் பெட்டி அதில் பத்தில் ஒரு பங்குகூட வராது. அதனால் எடையை விடுங்கள், மேல்தட்டைப் பாருங்கள்.

இதன் தட்டை இரண்டு திருகுகளால் முன்பின்னாகவும் பக்கவாட்டிலும் சாய்க்கலாம். இதற்காகவே தாராளமாக வாங்கச் சொல்வேன். புரொபெல்லர் ஷாஃப்ட் (பெட்டியிலிருந்து பின் சக்கரங்களுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் தண்டு), ஸ்பீடோமீட்டர் கேபிள், கிளட்ச் இணைப்பு, கியர் லீவர் எல்லாம் கழற்றியாயிற்று. எஞ்சினுக்கு அடியில் மரக்கட்டை வைத்து வேறொரு ஜாக்கால் தாங்கலும் கொடுத்தாயிற்று. பெட்டியை எஞ்சினோடு சேர்க்கும் மணி வடிவ உறையான பெல் ஹவுசிங்கின் கடைசி போல்ட் வெளியே வந்த பிறகுதான் உண்மையான வேலை தொடங்குகிறது. பெட்டியின் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் இன்புட் ஷாஃப்ட் அப்போதும் கிளட்ச் பிளேட்டின் பற்களுக்குள்தான் இருக்கும். பெட்டியின் பாரம் அதில் தொங்கினால் பிளேட்டின் நடுப்பகுதி வளைந்துவிடும். அதற்கு மேல், பெட்டியின் பின் தாங்கியைக் கழற்றியதும் எஞ்சின் கொஞ்சம் பின்னால் சாயும். எந்தக் கோணத்தில் எஞ்சின் நிற்கிறதோ அதே கோணத்தில் தட்டைத் திருகி வைத்து, ஷாஃப்ட் முழுதாக விடுபடும்வரை நேராகப் பின்னால் இழுக்க வேண்டும். அப்புறம்தான் இறக்கலாம். சாதாரண டிராலி ஜாக்கின் சின்னக் கிண்ணத்தில் பெட்டியை நிறுத்தி இதைச் செய்வது ஆபத்து. நெஞ்சில் தாங்கி இறக்குகிறவர்களும் இருக்கிறார்கள், தயவுசெய்து வேண்டாம்.

ஒன்று சொல்ல வேண்டும்: ஆயிலை முன்பே வடித்துவிடுங்கள். பல பெட்டிகளில் புரொபெல்லர் ஷாஃப்ட்டை உருவியதும் பின்வாய் திறந்துவிடும், சாய்த்தால் எல்லாம் முகத்தில்தான் வழியும். கிளட்ச் தூசியைக் காற்றடித்து ஊதவும் கூடாது. பழைய கிளட்ச் லைனிங்கில் நுரையீரலுக்குக் கேடான ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், ஈரத்துணியால் துடைத்தெடுங்கள்.

இந்த ஜாக்கில் குறைகளும் உண்டு. சக்கரங்கள் மிகச் சிறியவை, தரையில் ஒரு சின்னக் கல் கிடந்தாலே நின்றுவிடும். நேராக இழுக்க வேண்டிய கட்டத்தில் அந்தக் குலுக்கல் பெரிய தொந்தரவு. கூட வரும் சங்கிலி அலுமினிய உறையைக் கீறுகிறது. நான் அதைக் கழற்றிவிட்டு அகலமான நாடாப் பட்டையால் கட்டுகிறேன். அடுத்தது உயரம். ஜாக்கை முழுதாக இறக்கினாலும் அதன் மேல் பெட்டியும் இருக்கும், இரண்டும் சேர்ந்து காருக்கு அடியிலிருந்து வெளியே வர வேண்டும். காரைத் தாங்கும் உங்கள் ஸ்டாண்டுகள் அவ்வளவு உயரம் கொடுக்குமா என்று அளந்துகொள்ளுங்கள்.

திரும்ப ஏற்றும்போது தட்டைச் சாய்க்கும் திருகுகளின் அருமை இன்னும் தெரிகிறது. கிளட்ச் பிளேட்டை நடுவில் சரியாக நிறுத்தியிருந்தால், கால் சுற்றுத் திருகலில் பெட்டி தானே உள்ளே போகும். போல்ட்டை முறுக்கி வலுக்கட்டாயமாக இழுக்கத் தேவையே இல்லை.

எம்ஜிபி, ஜாகுவார் இ-டைப் ஆகிய பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்களை வைத்திருப்பவர்களுக்கு இது அவ்வளவாக உதவாது. அவற்றில் எஞ்சினையும் கியர்பாக்ஸையும் சேர்த்தே வெளியே எடுப்பதுதான் வழக்கம். அந்தப் பணத்தை எஞ்சினைத் தூக்கியெடுக்கும் நல்ல எஞ்சின் ஹாய்ஸ்ட்டில் போடுங்கள்.