வீட்டுக்கு வந்து நாய்க்கு ரத்தம் எடுக்கிறோம் என்பார்கள், உஷார்! எங்களுக்கு 2,800 ரூபாய் போச்சு

ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. முன்னே பின்னே எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் லேப்ரடார் நாய் மணிக்குக் காய்ச்சல், சோற்றைத் தொடவில்லை, காதுமடல் முழுக்க உண்ணி. உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம், ரத்தம் பார்த்துவிடுங்கள் என்றார் டாக்டர். படுத்துக் கிடப்பவனை அலைக்கழிக்க வேண்டாமே என்று, வீட்டுக்கே ஆள் அனுப்பும் ஒரு செயலியில் பதிவு செய்தோம். 2,800 ரூபாய், மொத்தமும் முன்பணம்.

வந்தவர் நீலச் சட்டை, கழுத்தில் அட்டை. வாசலிலேயே உட்கார்ந்து மணியின் தாடையைச் சொறிந்துகொடுத்தார். "கவலையே படாதீங்க மேடம், ஊசி போனதே அவனுக்குத் தெரியாது." மணி வாலாட்டினான். எங்களுக்கும் மனசு குளிர்ந்துவிட்டது.

எங்கள் பழைய டாக்டர் முன்னங்காலில் ரத்தம் எடுப்பதைப் பார்த்திருக்கிறேன். உதவியாளர் முழங்கை மடிப்பில் கட்டைவிரலை அழுத்தி லேசாக வெளிப்பக்கம் திருப்புவார். முடியை மழித்து ஸ்பிரிட் தடவினால் நரம்பு புடைத்துத் தெரியும். இந்த ஆள் மழிக்கவே இல்லை. ரப்பரை இறுக்கிக் கட்டி, ஊசியை உள்ளே வைத்தபடியே இப்படியும் அப்படியும் துழாவினார். மணி போட்ட கத்தலில் எதிர்வீட்டுக்காரர் ஓடி வந்துவிட்டார். சொட்டுச் சொட்டாக வந்ததை ஊதா மூடிக் குழாயில் விட்டு அப்படியே பைக்குள் போட்டார். அந்தக் குழாயில் ரத்தம் உறையாமலிருக்க மருந்து இருக்கும். உடனே மெதுவாகக் கவிழ்த்துக் கவிழ்த்துக் கலக்காவிட்டால் ரத்தம் கட்டிவிடும். ஊசி குத்திய இடத்தை அழுத்திப் பிடிக்கவும் இல்லை. சாயங்காலம் காலில் அந்த இடம் நெல்லிக்காய் அளவு கன்றி வீங்கியது.

ரிப்போர்ட்டில் பிளேட்லெட் 19,000! சாதாரணமாக இரண்டு லட்சத்துக்கு மேல் இருக்க வேண்டியது. அழுதுகொண்டே வேப்பேரி கால்நடைக் கல்லூரி மருத்துவமனைக்கு ஓடினோம். பின்னங்காலில் எடுத்தார்கள், 1,70,000. "ரத்தம் கட்டியிருந்தா பிளேட்லெட் அதுலயே சிக்கிக்கும்மா, எண்ணிக்கை குறைச்சலாத்தான் காட்டும்" என்றார் டாக்டர். கட்டிப்போன ரத்தத்தை லேபே திருப்பி அனுப்பியிருக்க வேண்டுமாம்.

செயலியில் கேட்டால் முதலில் "புகார் பதிவாகியுள்ளது". அப்புறம் "நாய் அசைந்தால் நாங்கள் பொறுப்பல்ல". அப்புறம் "லேபைக் கேளுங்கள்". லேபோ, ரத்தம் எடுத்தவரைக் கேளுங்கள் என்கிறது. எடுத்தவர் என்ன படித்தவர் என்ற கேள்விக்கு மட்டும் இதுவரை பதிலே இல்லை. கடைசியில் 200 ரூபாய் கூப்பன் அனுப்பினார்கள், அடுத்த முறை ரத்தம் எடுக்க! 2,800 கொடுத்தவளுக்கு 200 கூப்பன்.

என்னென்ன கவனிக்க வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், கை ஓடவில்லை. முன்பணம் கொடுக்காதீர்கள். வருகிறவர் கால்நடை மருத்துவரா, பதிவு எண் என்ன என்று கேளுங்கள். ஊசியைத் துழாவினால் அப்போதே நிறுத்தச் சொல்லுங்கள். பிளேட்லெட் குறைவு என்று வந்தால், ரத்தத்தைக் கண்ணாடி ஸ்லைடில் தடவி மைக்ராஸ்கோப்பில் பார்த்தார்களா என்று கேளுங்கள். செயலியின் பெயர் கேட்டு உள்பெட்டிக்கு வராதீர்கள். வக்கீல் நோட்டீஸ் வரும் என்று வீட்டுக்காரர் பயப்படுகிறார்.