கையில் கட்டுவதா, சுவரில் மாட்டுவதா?

மாணவர் நலனுக்கென்று ஒரு பல்கலைக்கழகம் கொஞ்சம் பணம் ஒதுக்கியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மூன்று வகை விற்பனையாளர்கள் வாசலில் வந்து நிற்பார்கள். ஒருவர் எல்லோர் கையிலும் ஸ்மார்ட் வாட்ச் கட்டச் சொல்வார். இன்னொருவர் மனநலச் செயலியைத் திறந்து காட்டுவார். மூன்றாமவர் காற்றில் கரியமில வாயு எவ்வளவு என்று காட்டும், வகுப்பறைச் சுவரில் மாட்டும் ஒரு வெள்ளைப் பெட்டியைக் கொண்டுவருவார். மூன்றில் பார்க்கச் சகிக்காதது அந்தப் பெட்டிதான். என் ஓட்டு அதற்கே.

எந்தக் கருவியையும் நான் எடைபோடுவது ஒரே கேள்வியை வைத்துத்தான்: திரையில் எண் மோசமாக வந்தால், அதைச் சரிசெய்யும் வேலை யார் தலையில் விழுகிறது?

முதலில் வாட்ச். தேர்வு வாரம். விடிகாலை நான்கு மணிக்குப் படுத்து ஏழரைக்கு எழுந்தவரிடம், "உங்கள் தூக்கம் 52 மதிப்பெண்" என்கிறது அது. அவருக்குத் தெரியாதா என்ன? பாடச்சுமையையோ தேர்வு அட்டவணையையோ வாட்ச் மாற்றப்போவதில்லை. இருக்கிற கவலையோடு இன்னொன்றைச் சேர்க்கிறது, அவ்வளவுதான். தூக்க மதிப்பெண்ணை உயர்த்தும் ஏக்கத்திலேயே தூக்கம் கெடுவதற்கு 2017இல் ஆய்வாளர்கள் ‘ஆர்த்தோசோம்னியா’ என்று பெயரே வைத்துவிட்டார்கள்.

அந்த மதிப்பெண்ணையும் அப்படியே நம்பிவிட முடியாது. வாட்சின் அடியில் மினுக்கும் பச்சை விளக்கு தோலுக்குள் ஒளியைப் பாய்ச்சி, ரத்த ஓட்டத்துக்கேற்ப எவ்வளவு திரும்பி வருகிறது என்று பார்த்து நாடித்துடிப்பைக் கணக்கிடுகிறது. சும்மா உட்கார்ந்திருக்கும்போது இது நன்றாகவே வேலை செய்யும். தூக்கத்தில்தான் சிக்கல். ஆய்வகத்தில் மூளை அலைகளைப் பார்த்துத் தூக்கத்தை அளக்கிறார்கள். வாட்சுக்குத் தெரிவது கை அசைவும் நாடியும்தான். கூரையைப் பார்த்தபடி அசையாமல் விழித்துக் கிடந்தால், அதையும் தூக்கக் கணக்கில் சேர்த்துவிடும்.

இதைக் கட்டாயமாக்கிய பல்கலைக்கழகமும் உண்டு. அமெரிக்காவின் ஓரல் ராபர்ட்ஸ் பல்கலைக்கழகம் புதிதாகச் சேரும் மாணவர்கள் அடிகளை எண்ணும் ஃபிட்பிட் கைப்பட்டை அணிய வேண்டும் என்று வைத்த விதி 2016இல் செய்தியானது. நாளுக்கு 10,000 அடிகள் நடக்க வேண்டும் என்பது இலக்கு. இந்த 10,000 எங்கிருந்து வந்தது என்பது தனிக்கதை. 1965இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடி எண்ணும் கருவிக்கு ‘பத்தாயிரம் அடி மீட்டர்’ என்று பெயர். விளம்பரத்துக்காக வைத்த எண், காலப்போக்கில் மருத்துவ அறிவுரை போல ஆகிவிட்டது. வாட்ச் வேண்டும் என்பவருக்கு நூலகப் புத்தகம் போல இரண்டு வாரம் இரவல் கொடுக்கலாம். தன் பழக்கத்தைத் தானே பார்த்துக்கொள்ள அது போதும்.

அடுத்தது செயலி. இதில் இரண்டு ரகம்: கேட்காமலே கவனிப்பவை, கேட்டால் பதில் சொல்பவை. முதல் ரகத்துக்கு நல்ல எடுத்துக்காட்டு டார்ட்மவுத் கல்லூரியில் 2013இல் நடந்த ஆய்வு. 48 மாணவர்களின் கைபேசிகள் 10 வாரம் அவர்களின் உறக்கம், நடமாட்டம், பேச்சு எல்லாவற்றையும் பதிவு செய்தன. கல்விப் பருவம் போகப்போக மன அழுத்தம் ஏறியது, உறக்கமும் பேச்சும் குறைந்தன. தெரிந்தே சம்மதித்தவர்களிடம் நடந்த ஆய்வு என்ற அளவில் அருமையானது. அதையே நிர்வாகம் எல்லோர் பையிலும் ஓடவிட்டால் அதற்கு வேறு பெயர்.

பேசும் ரகத்தில் அதிகம் அடிபட்ட பெயர் வோபாட் என்ற சாட்பாட். 2017இல் 18 முதல் 28 வயது வரையான 70 பேரிடம் சோதித்தார்கள். இரண்டே வாரத்தில், மின்னூல் மட்டும் படித்தவர்களைவிட இதனுடன் உரையாடியவர்களுக்கு மனச்சோர்வின் அறிகுறிகள் குறைந்தன. நல்ல செய்திதான். ஆனால் 2025 ஜூன் 30ஆம் தேதியோடு அந்தச் செயலி மூடப்பட்டது. ஒரு பட்டப்படிப்பு முடியும்வரை சேவை இருக்குமா என்பதை ஒப்பந்தத்தில் யாரும் கேட்பதில்லை. சொன்ன ரகசியம் எங்கே போகும் என்பது இன்னொரு கேள்வி. இது சாட்பாட்டுக்கு மட்டுமான கவலையும் இல்லை. ஆட்களே ஆலோசனை தரும் பெட்டர்ஹெல்ப் தளம், பயனர்களின் விவரங்களை விளம்பரத்துக்காகப் பகிர்ந்த புகாரில் 2023இல் 78 லட்சம் டாலர் கட்ட ஒப்புக்கொண்டது.

இந்த வரிசையில் எனக்குப் பிடித்தது மனநலம் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசாத ஒரு சாட்பாட். ஜார்ஜியா ஸ்டேட் பல்கலைக்கழகம் 2016இல் ‘பவுன்ஸ்’ என்ற ஒன்றைப் புது மாணவர்களுக்கு விட்டது. கடன் படிவம் எங்கே, கடைசித் தேதி எது என்ற கேள்விகளுக்கு நடுராத்திரியிலும் குறுஞ்செய்தியில் பதில் வரும். இடம் கிடைத்தும் வந்து சேராமல் போகிறவர்கள் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்தார்கள். மாணவர்களின் கலக்கத்தில் பாதி இப்படிப்பட்ட காகிதக் கலக்கம்தான் என்று எனக்கு எப்போதும் ஒரு சந்தேகம். உளவியல் ஆலோசகரிடம் நேரம் வாங்குவதையும் இதே வழியில் எளிதாக்கிவிடலாம்.

சரி, பெட்டிக்கு வருவோம். ஒரு வகுப்பறை: பத்து மீட்டருக்குப் பத்து மீட்டர், மூன்று மீட்டர் உயரம், அறுபது பேர். சும்மா உட்கார்ந்திருக்கும் ஒருவர் மணிக்கு சுமார் 18 லிட்டர் கரியமில வாயுவை விடுகிறார். வெளிக்காற்றில் அது 420 பிபிஎம்மை, அதாவது பத்து லட்சம் பங்கில் 420 பங்கைச் சற்றே தாண்டும். கதவும் ஜன்னலும் அடைத்திருந்து, துளி காற்றும் புகாவிட்டால், பத்தே நிமிடத்தில் 1,000. ஒரு மணி நேரத்தில் 4,000. நிஜ அறையில் இடுக்கு வழியாகக் கொஞ்சம் காற்று வரும், அதனால் இவ்வளவு ஏறாது. ஆனாலும் மதிய வகுப்பில் கண் சொருகுவதற்கு ஆசிரியரை மட்டும் குறை சொல்ல முடியாது. இதில் ஏசி வேறு ஏமாற்றும். ஸ்பிளிட் ஏசி உள்ளே இருக்கிற காற்றையே திரும்பத் திரும்பக் குளிர்விக்கிறது. ஜில்லென்று இருக்கும், புதுக்காற்று இருக்காது.

இங்கேயும் பெட்டி விற்பவர் அளவுக்கு நான் சத்தியம் செய்யமாட்டேன். ஹார்வர்டு ஆய்வாளர்கள் 2015இல் வெளியிட்ட, 24 பேரை வைத்து நடத்திய ஆய்வில், 1,400 பிபிஎம்மில் முடிவெடுக்கும் திறன் வெகுவாகக் குறைந்தது. 2018இல் 36 நீர்மூழ்கிக் கப்பல் பணியாளர்களைச் சோதித்தபோது 15,000 வரை போயும் ஒன்றும் ஆகவில்லை. ஆகவே வாயுவே மூளையை மந்தமாக்குகிறது என்று அடித்துச் சொல்லமாட்டேன். ஒருவர் விட்ட மூச்சை இன்னொருவர் எவ்வளவு இழுக்கிறார் என்பதை அந்த எண் காட்டுகிறது. சளிக்காய்ச்சல் காலத்தில் அது போதாதா?

முக்கியமாக, எண் சிவப்பானால் வேலை கட்டடப் பராமரிப்புத் துறைக்கு. மாணவர் எழுந்து தியானம் செய்ய வேண்டியதில்லை. பெட்டிக்கு யாருடைய பெயரும் தெரியாது. ஆனால் ஒருவர் மட்டும் தங்கும் விடுதி அறையில் மாட்டினால், அவர் எப்போது உள்ளே இருக்கிறார், எப்போது விருந்தாளி வருகிறார் என்பதெல்லாம் வரைபடத்தில் தெரிந்துவிடும். அங்கே மட்டும் வேண்டாம்.

வாங்கும்போது, உள்ளே அகச்சிவப்பு ஒளியால் அளக்கும் சென்சார் இருக்கிறதா என்று கேளுங்கள். மலிவான சில பெட்டிகள் வேறு ஆவிகளை மோந்து, கரியமில வாயு இவ்வளவு இருக்கலாம் என்று குத்துமதிப்பாகச் சொல்லும். பல சென்சார்கள், சில நாட்களில் கண்ட மிகக் குறைந்த அளவை வெளிக்காற்று என்று எடுத்துக்கொண்டு தங்களைத் தாங்களே திருத்திக்கொள்ளும். இரவு பகலாக ஆள் இருக்கும் வாசிப்பறையில் அந்தக் கணக்கு தப்பும். அங்கே அவ்வப்போது வெளியே எடுத்துப்போய் அளவைச் சரிபார்க்க வேண்டும். உட்கார்ந்தவரின் மூக்கு உயரத்தில், ஜன்னலை விட்டுத் தள்ளி மாட்டுங்கள். அப்புறம், எண் அலுவலகக் கணினியில் மட்டும் தெரிந்தால் பயனில்லை. கடைசி பெஞ்சில் இருப்பவருக்கும் தெரிய வேண்டும். ஜன்னல் பெரும்பாலும் அவர் பக்கம்தான் இருக்கும்.