செகண்ட் ஹேண்ட் கிட்டாரும் அதன் மூணாவது ஸ்ட்ரிங்கும்

சித்தி மகன் திருச்சியிலிருந்து ஒரு விளம்பரத்தை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து அனுப்பியிருந்தான். "அண்ணா, அக்கூஸ்டிக், பெரிய சைஸ், பை, பிக் எல்லாம் சேர்த்து அஞ்சாயிரமாம். லைட்டா யூஸ் பண்ணதாம். வாங்கலாமா?" படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். என் வீட்டில் இருக்கும் அதே மாடல், அதே பழுப்பு நிறம். என்னுடையது போன வாரம்தான் ரிப்பேர் முடிந்து வந்திருக்கிறது. பில் இன்னும் மேஜையிலேயே கிடக்கிறது. அந்தச் சூட்டில் அவனுக்குப் பதில் அடிக்க ஆரம்பித்தேன், நீண்டுகொண்டே போய்விட்டது.

கம்பெனி பெயர் வேண்டாம். இந்த விலையில் பீஸுக்குப் பீஸ் மாறும். அவன் பார்த்திருப்பது தங்கமாகக்கூட இருக்கலாம்.

நல்லதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், போகப் போக மறந்துவிடுவேன். பெருங்குடியில் ஒரு ஃபிளாட்டில், வேலை மாறிப் பெங்களூருக்கு மூட்டை கட்டிக்கொண்டிருந்த ஒருவரிடம் நாலாயிரத்து ஐந்நூறுக்கு வாங்கினேன். விரல் அழுத்தும் கழுத்துப் பலகையான ஃப்ரெட்போர்டில் வெள்ளை மார்க்கரால் சுரப் பெயர்களை எழுதிக்கொண்டே வந்து, குறுக்கே பதித்த உலோகக் கம்பிகளில், அதாவது ஃப்ரெட்டுகளில், ஐந்தாவதோடு நிறுத்தியிருந்தார். அதற்கு மேல் ஃப்ரெட் எல்லாம் கடையிலிருந்து வந்த மாதிரியே இருந்தது. ஆக, லைட்டா யூஸ் பண்ணது என்றது பொய்யில்லை.

சத்தம் பிரமாதம். இருப்பதிலேயே தடித்த ஆறாவது ஸ்ட்ரிங்கைத் தட்டினால் நெஞ்சில் தெரியும். மேல்பலகை பிளைவுட்தான். சாலிட் டாப், அதாவது ஒட்டுப்பலகையாக இல்லாத முழு மர மேல்பலகை, இல்லாமல் வாங்கவே கூடாது என்று யூடியூபில் ஆளாளுக்குச் சொல்வார்கள். சொல்கிறவர்கள் நம் ஊர் ஐப்பசி மழையைப் பார்த்ததில்லை. கிட்டாருக்கு 45 முதல் 55 சதவீதம் ஈரப்பதம் உகந்தது என்பார்கள். சென்னையில் அந்த எண்ணை ஏசி அறைக்குள்தான் பார்க்க முடியும். நண்பர் ஒருவரின் விலை உயர்ந்த சாலிட் டாப் ஒவ்வொரு மழைக்காலமும் வயிறு உப்பி ஆக்‌ஷன், அதாவது ஃப்ரெட்டுக்கு மேல் ஸ்ட்ரிங் நிற்கும் உயரம், ஏறிவிடுகிறது. என் பிளைவுட் அசையவே இல்லை. பழசு என்பதால் பையில் போட்டுப் பூட்டி வைப்பதும் இல்லை. சோபாவிலேயே கிடக்கும், போகிற வருகிற நேரமெல்லாம் கை அதன் மேல் போகும். கற்றுக்கொள்கிறவனுக்கு இது பெரிய விஷயம். பத்தாயிரம் கொடுத்து வாங்கி அலமாரி மேல் ஏற்றி வைத்தவர்களை எனக்குத் தெரியும்.

இனி மூணாவது ஸ்ட்ரிங்.

ட்யூன் பண்ணும்போது கீயைத் திருகுவேன். சுருதி ஏறாது. இன்னும் கொஞ்சம் திருகுவேன். ஏறாது. இன்னும் கொஞ்சம். "டிங்" என்று ஒரு சத்தம், ஒரே தாவாகத் தாவி, அதற்குரிய சுரமான ஜி-யைத் தாண்டிப் போய் நிற்கும். இறக்கினாலும் அதே கதைதான். ஒருவழியாகக் கிளிப் ட்யூனரில் பச்சை விளக்கு எரிய வைத்து, ஆசையாக ஈ மேஜர் கார்டு, அதாவது ஸ்ட்ரிங்குகளைச் சேர்த்து ஒலிக்க வைக்கும் சுரக்கூட்டு, பிடித்தால் புளிக்கிறது. சரி என்று ஈ மேஜருக்கு ஏற்ற மாதிரி மூணாவது ஸ்ட்ரிங்கைக் கொஞ்சம் இறக்குவேன். ஈ இனிக்கும், ஜி கார்டு கெட்டுப்போகும். ஜி-யைச் சரி செய்தால் மறுபடி ஈ புளிக்கும். இப்படியே வருஷக்கணக்கில்.

ஒரு ஸ்ட்ரிங்தானே, மற்ற ஐந்தும் ஒழுங்காக இருக்கிறதே என்று கேட்பார்கள். கற்றுக்கொள்கிறவன் வாசிப்பதே சி, ஜி, ஈ மைனர், டி, ஏ மைனர் இவ்வளவுதான். முதல் மூன்றிலும் மூணாவது ஸ்ட்ரிங் விரல் படாமல் திறந்தே ஒலிக்கிறது. மீதி இரண்டிலும் இரண்டாவது ஃப்ரெட்டில் அழுத்துகிறோம். தப்பிக்க இடமே இல்லை. ஆக்‌ஷன் உயரமாக இருந்தால் விரல் வலிக்கும், வலித்தால் கிட்டார்மேல் தப்பு என்று ஒருநாள் புரிந்துவிடும். சுருதி விலகினால் அப்படி இல்லை. தப்பு கிட்டாருடையதா, விரலுடையதா, நம் காதுடையதா என்று புதிதாகக் கற்பவனுக்குத் தெரியவே தெரியாது. தெரியாதவன் சந்தேகப்படுவது தன்னைத்தான். எனக்கு இந்தக் கிட்டார்மேல் ஆத்திரம் முழுக்க இதற்காகத்தான்.

குற்றவாளி நட். கழுத்தின் உச்சியில், ஸ்ட்ரிங் ஆறும் உட்காரும் காடிகள் வெட்டிய சின்ன வெள்ளைத் துண்டு. என்னுடையதில் அது உள்ளே கூடாக இருக்கும் பிளாஸ்டிக். மூணாவது காடியை ஒடுக்கமாக வெட்டியிருக்கிறார்கள். ஸ்ட்ரிங் அடிவரை இறங்காமல் மேலேயே பிதுங்கி உட்கார்ந்திருக்கிறது. ஒடுக்கம் என்பதால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, விட்டால் டிங். உயரமாக நிற்பதால் முதல் ஃப்ரெட்டில் அழுத்தும்போது ஸ்ட்ரிங் அதிகமாக வளைந்து சுருதி ஏறிவிடுகிறது. ஈ மேஜரில் மூணாவது ஸ்ட்ரிங்கை முதல் ஃப்ரெட்டில்தானே அழுத்துகிறோம், அதுதான் புளிப்பு. பக்கத்துக்கு மூன்று கீ உள்ள தலையில் நடு இரண்டு ஸ்ட்ரிங்கும் நட்டைத் தாண்டியதும் ரொம்பவே பக்கவாட்டில் திரும்பிப் போக வேண்டியிருக்கிறது. சிக்கல் அங்கே முதலில் வருவது இதனால்தான்.

மெல்லிய ஸ்ட்ரிங் போட்டால் சரியாகும் என்று ஒருவர் சொன்னார். முதல் ஸ்ட்ரிங் 0.012 அங்குலக் கனமுள்ள 12 செட்டைக் கழற்றிவிட்டு, முதல் ஸ்ட்ரிங் 0.010 அங்குலமான டாடாரியோ கம்பெனியின் 10–47 செட் போட்டேன். விரலுக்குச் சொர்க்கம். மூணாவதுக்கு ஒன்றும் ஆகவில்லை. அட்டையைத் திருப்பிப் பார்த்தால் காரணம் அச்சடித்தே இருக்கிறது: 12 செட்டில் மூணாவது ஸ்ட்ரிங் 0.024 அங்குலம், 10 செட்டில் 0.023. மற்றதெல்லாம் மெலிகிறது, இது மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறது! பென்சில் முனையைக் காடியில் தேய்த்தால் கிராஃபைட் வழுவழுப்பில் நழுவும் என்பது இன்னொரு வைத்தியம். அது உண்மையிலேயே வேலை செய்தது, அடுத்த தடவை ஸ்ட்ரிங் மாற்றும்வரை.

காப்பாற்றியது கேபோ. கழுத்தில் மாட்டினால் ஆறு ஸ்ட்ரிங்கையும் ஒரே ஃப்ரெட்டில் அழுத்திப் பிடிக்கும் கருவி, முந்நூறு ரூபாய்க்கு வாங்கிய சாதாரண கிளிப் கேபோ. முதல் ஃப்ரெட்டில் மாட்டினால் நட்டுக்கு வேலையே இல்லை. ஸ்ட்ரிங்கின் நீளம் ஃப்ரெட்டிலிருந்துதான் கணக்கு. மாட்டி ட்யூன் பண்ணி ஈ வடிவம் பிடித்த அன்றைக்குத்தான் இந்தக் கிட்டார் எவ்வளவு நல்ல கிட்டார் என்று தெரிந்தது. கோளாறு நட்டிலா வேறெங்குமா என்று கண்டுபிடிக்கவும் இதைவிடச் சுலபமான சோதனை கிடையாது. அதன்பிறகு கேபோ கழுத்திலேயே குடியிருந்தது. பாடகர்களின் சுருதிக் கணக்கில் திறந்த ஈ என்றால் மூணு கட்டை, முதல் ஃப்ரெட்டில் கேபோ போட்டால் நாலு கட்டை. மூன்றாவது ஃப்ரெட்டில் போட்டால் ஐந்து கட்டை, அக்கா பாடும் சுருதி. அவள் பாட, நான் அதே ஈ வடிவத்தில் ஒப்பேற்றிக்கொண்டிருந்தேன். கர்நாடக சங்கீதம் கற்றவள். கேபோ இல்லாமல் வாசித்தால் சமையலறையிலிருந்தே குரல் வரும்: "டேய், காந்தாரம் ஏறி நிக்குதுடா."

சரிதான் அவள் சொன்னது. ஈ-யை ஸ என்று வைத்தால், ஈ மேஜரில் அந்த மூணாவது ஸ்ட்ரிங்தான் அந்தர காந்தாரம், ஸரிகமவில் வரும் க.

போன மாதம் சலித்துப்போய் ரிப்பேர்காரரிடம் கொண்டுபோனேன். பெரியவர் அதிகம் பேசவில்லை. பிளாஸ்டிக் நட்டை ஒரு தட்டில் கழற்றிக் குப்பையில் போட்டார். எலும்பில் ஒன்று செதுக்கி உட்கார்த்தி, ஒவ்வொரு காடியையும் அதற்கான அரத்தால் ராவினார். மேல்பலகையில் ஒட்டிய பிரிட்ஜ் கட்டைக்குள் செருகி ஸ்ட்ரிங்கைத் தாங்கும் சேடில் துண்டையும் அடியில் கொஞ்சம் தேய்த்தார். எல்லாம் சேர்த்து ஆயிரத்து எண்ணூறு. கிட்டார் விலையில் ஐந்தில் இரண்டு பங்கு, விரல்நகம் அளவுத் துண்டுக்கு. வாங்கிக்கொண்டு வந்து ட்யூன் பண்ணினால் கீ திருகத் திருகச் சுருதி வழுக்கிக்கொண்டு ஏறுகிறது. டிங் இல்லை. ஈ, ஜி இரண்டும் ஒரே ட்யூனிங்கில் நிற்கின்றன. பெருமையாக அக்காவைக் கூப்பிட்டு வாசித்துக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "இப்ப பரவாயில்லை. ஆனா காந்தாரம் இன்னும் துளி ஏறித்தான் இருக்கு" என்றாள்.

இதற்குக் கிட்டாரைத் திட்ட முடியாது, அதுவும் கோபமாக இருக்கிறது. ஃப்ரெட் பதித்த எந்தச் சாதாரணக் கிட்டாரிலும் ஒரு ஸ்தாயி 12 சம பங்காகப் பிரிந்திருக்கிறது, பங்குக்கு 100 சென்ட் (சுருதி இடைவெளியை அளக்கும் அலகு). காந்தாரம் 400-இல் விழுகிறது. தம்பூராவோடு பாடுகிற காது கேட்பது 5:4 விகிதம், அது சுமார் 386 சென்ட். மீதி 14 சென்ட் லட்ச ரூபாய்க் கிட்டாரிலும் இருக்கும். ஆக, ஒன்றுக்கு மட்டும் நிரபராதி.

தம்பிக்குச் சொல்ல வேண்டியது. விளம்பரத்தைப் பார்த்துவிட்டு நேராகப் போய் நிற்காதே. முதலில் ஒரு பெரிய கடைக்குப் போய், புதிய யமஹா எஃப்310 ஒன்றைக் கையில் வாங்கி, வாங்காவிட்டாலும் பரவாயில்லை, ஒரு அரை மணி நேரம் அழுத்திப் பார். சென்னையில் இருந்தால் மவுண்ட் ரோடு மியூசி மியூசிக்கலுக்கே போகச் சொல்லியிருப்பேன். 1842-லிருந்து இருக்கிற கடை, உன்னை மாதிரி வெறுங்கையோடு வந்து தட்டிப் பார்த்துவிட்டுப் போனவர்களைத் தலைமுறை தலைமுறையாகப் பார்த்திருக்கும். எல்லாரும் தட்டிப் பார்க்கும் அந்த ஒரே ராஜா பாட்டின் தொடக்கத்தை மட்டும் அங்கே முயற்சி பண்ணாதே, கடைக்காரர்கள் பாவம். ஒழுங்கான கிட்டார் விரலுக்கு எப்படி இருக்கும் என்று தெரியாமல் பழசைத் தேடுவது வீண்.

பழசு பார்க்கப் போனால், மூன்றாவது ஃப்ரெட்டில் ஸ்ட்ரிங்கை அழுத்திக்கொண்டு முதல் ஃப்ரெட்டுக்கு மேலே பார். ஸ்ட்ரிங்குக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவே ஒரு தாள் கனம் இடைவெளி இருந்தால் போதும். அதற்கு மேல் இருந்தால் நட் வேலை உண்டு, ரிப்பேர் காசை விலையில் கழி. ஆறு ஸ்ட்ரிங்குக்கும் செய், குறிப்பாக மூணாவதுக்கு. கீயை மெதுவாகத் திருகி டிங் வருகிறதா கேள்.

இன்னொன்று இதைவிட முக்கியம். 12-ஆவது ஃப்ரெட்டில் ஆறாவது ஸ்ட்ரிங்கின் உயரம் இரண்டு, இரண்டரை மில்லிமீட்டருக்குள் இருந்தால் சுகம். மூன்றரைக்கு மேல் போனால் எஃப் கார்டு உனக்கு இந்த ஜென்மத்தில் வராது. உயரம் இருந்தாலும் சேடில் வெளியே நன்றாக நீட்டிக்கொண்டிருந்தால் பயமில்லை, தேய்த்து இறக்கலாம். 12-இல் ஒரு மில்லிமீட்டர் குறைய, சேடிலில் இரண்டு தேய்க்க வேண்டும். சேடில் ஏற்கெனவே தேய்ந்து பிரிட்ஜோடு ஒட்டிக் கிடக்கிறது, ஆனாலும் ஸ்ட்ரிங் உயரமாக நிற்கிறது என்றால் கழுத்தின் கோணமே போய்விட்டது என்று பொருள். வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிடு. "ட்ரஸ் ராடைத் திருகினா சரியாயிடும் ப்ரோ" என்பார்கள். கழுத்துக்குள் ஓடும் உலோகக் கம்பியான ட்ரஸ் ராட் கழுத்தின் வளைவை நிமிர்த்தும், கோணத்தைத் திருத்தாது. கலர் கலராக இரண்டாயிரத்து ஐந்நூறுக்கு விற்கும் 38 இன்ச் குட்டிகள் பலவற்றில் அந்த ராடே கிடையாது. பிரிட்ஜுக்குப் பின்னால் ஒரு விசிட்டிங் கார்டு நுழைகிறதா என்று பார்க்கவும் மறக்காதே. நுழைந்தால் பிரிட்ஜ் பெயர்ந்துகொண்டிருக்கிறது. கீறல், ஸ்டிக்கர், மார்க்கர் எழுத்து எதையும் கண்டுகொள்ளாதே. அதைக் காட்டிப் பேரம் மட்டும் பேசு.

விரல் வலிக்குப் பயந்து நைலான் ஸ்ட்ரிங் கிளாசிக்கல் வாங்கலாமா என்று அடுத்துக் கேட்பாய். வலி குறையும். ஆனால் யமஹா சி40 மாதிரியானவற்றின் நட் அகலம் 52 மில்லிமீட்டர், நம் வகையில் 43. உன் கை சின்னது.

இனி தீர்ப்பு. என் மாடலைப் பரிந்துரைக்க மாட்டேன். சத்தம் நல்லது, மழை தாங்குகிறது, ஃப்ரெட் ஒழுங்கு, இப்போது நட்டும் எலும்பு. எல்லாம் சரி. மொத்தமாகக் கணக்குப் போட்டால் ஸ்ட்ரிங், கேபோ, ரிப்பேர் சேர்த்து ஏழாயிரத்தைத் தாண்டிவிட்டது. இன்னும் கொஞ்சம் போட்டிருந்தால் புது யமஹா எஃப்280 வந்திருக்கும், மூணாவது ஸ்ட்ரிங்கைப் பற்றி இவ்வளவு எழுதியிருக்கவும் மாட்டேன். திருச்சிக்காரருடையதை அவன் வாங்குவதாக இருந்தால் மூவாயிரத்துக்கு மேல் ஒரு பைசா தரக் கூடாது.

என்னுடையதையே கேட்டால்? எலும்பு நட், புது ஸ்ட்ரிங், பையோடு ஆறாயிரத்து ஐந்நூறு. தம்பி என்பதால் ஆறாயிரம். பேரம் இல்லை, கேபோ தர மாட்டேன்.