ஃபோர் பீஸ் லெதர் பால்: அஞ்சு மேட்ச் போட்டுப் பாத்ததுக்கு அப்புறம் என் ரிவியூ

எங்க கிரிக்கெட் கிளப்ல ரொம்ப நாளா டூ பீஸ் பால்தான். வீக்எண்ட் மேட்ச்தானே, இதுவே போதும்னு எல்லாரும் சொல்லுவாங்க, நானும் அப்படி நெனச்சுதான் ஓபனிங் ஸ்பெல் போட்டுட்டு இருந்தேன். ஆனா ஏழாவது எட்டாவது ஓவர் வரும்போதே தையல் அமுங்கி தோலோட ஒட்டிக்கும், சீம் (பந்து நடுவுல எழும்பி நிக்கற அந்தத் தையல்) எங்க இருக்குன்னு விரலால தடவித் தேடணும், அதுக்கப்புறம் என்ன போட்டாலும் பந்து நேராதான் போகும். நான்தான் சரியா போடலன்னு நெனச்சு போன சீசன் முழுக்க என் ஆக்‌ஷனையும் ரன்அப்பையும் மாத்தி மாத்தி பாத்தேன். இந்த தடவை டீம்ல எல்லாரும் காசு போட்டு ஆறு ஃபோர் பீஸ் பால் இருக்கற ஒரு பாக்ஸ் வாங்கினோம். அஞ்சு மேட்ச் ஆச்சு, எல்லாமே 30 ஓவர் மேட்ச்.

வித்தியாசம் என்னன்னு தெரியாதவங்களுக்கு: டூ பீஸ்ல ரெண்டு கிண்ணம் மாதிரி தோலை வச்சு நடுவுல தைச்சிருப்பாங்க. ஃபோர் பீஸ்ல ஒவ்வொரு பாதியுமே ரெண்டு கால்வாசித் துண்டு, அந்த இணைப்பை உள்பக்கமா தைச்சு, அப்புறம் ரெண்டு பாதியையும் சேத்து நடுவுல மெயின் சீம் போடுவாங்க. தோல் நல்லா இழுத்துப் பிடிச்சு உக்காந்திருக்கும், அதனாலதான் அடி வாங்கினாலும் உருண்டை சீக்கிரம் கெடாது. பந்தைக் கையில வாங்கின உடனே அது தெரிஞ்சுது. ஆள்காட்டி விரலும் நடுவிரலும் சீமோட ரெண்டு பக்கமும் உக்காந்தப்போ ஆறு வரிசை நூலும் தனித்தனியா விரல்ல உறுத்துச்சு.

முதல் மேட்ச்ல மூணாவது ஓவர், ரைட் ஹேண்டர், ஆஃப் ஸ்டம்ப்ல ஃபுல் லெங்த்துல போட்டேன். பாதி தூரம் நேரா வந்துட்டு கடைசில வெளிய போச்சு, டிரைவ் ஆடப் போனவரு எட்ஜ், முதல் ஸ்லிப்ல கேட்ச். எனக்கு விக்கெட்டை விட சந்தோஷம், சீம் ஆடாம அசையாம நிமிந்தே போனதை எங்க கீப்பர் அண்ணன் பாத்துட்டு வந்து சொன்னதுதான்.

நம்ம ஸ்பீடுக்கெல்லாம் பந்து எங்க ஸ்விங் ஆகப்போகுது, அதாவது காத்துல வளையப்போகுதுன்னு நெனைக்கிறவங்க இதைக் கேளுங்க. ரபீந்திர மேத்தான்னு ஒரு ஏரோடைனமிக்ஸ் விஞ்ஞானி, அவரும் கூட இருந்தவங்களும் 1983ல காத்துச் சுரங்கத்துல (விண்ட் டனல்) பந்தை வச்சு ஆராய்ச்சி பண்ணாங்க. பக்கவாட்டு விசை நல்லா கெடைக்கறது சீம் சுமார் 20 டிகிரி சாஞ்சிருந்து, வேகம் நொடிக்கு 30 மீட்டர் கிட்ட இருக்கும்போதுன்னு அதுல வந்துச்சு. அது மணிக்கு 108 கிலோமீட்டர்தான், கிளப்ல ஓரளவு நல்லா ஓடி வந்து போடுற மீடியம் பேஸரோட ஸ்பீடு! சீம் பக்கம் காத்து கலங்கி, பந்தை விட்டுப் பிரியாம கொஞ்சம் கூட நேரம் ஒட்டிப் போகும், அதனால பந்து சீம் பாக்குற திசையில வளையும். அதுக்கு சீம் தூக்கலா இருக்கணும், அமுங்கிப்போன பந்துல மணிக்கட்டை எப்படி வச்சாலும் பெருசா ஒண்ணும் நடக்காது.

ஷைன், அதான் பந்தோட பளபளப்பு, 18, 20 ஓவர் வரைக்கும் நின்னுச்சு, ஆனா ஒரு பக்கம் மட்டும் விடாம தேய்க்கணும். எங்க பசங்க சில பேரு இன்னும் பழக்கத்துல எச்சில் தொடுறாங்க, 2022 அக்டோபர்ல இருந்து விதிப்படியே அது கூடாது, வேர்வை மட்டும்தான். புல்லு இருக்கற அவுட்ஃபீல்டுல நடந்த மூணு மேட்ச்ல பந்து 30 ஓவரும் தாங்குச்சு. கட்டாந்தரையும் மேட்டிங் விக்கெட்டுமா (பாய் விரிச்ச பிட்ச்) நடந்த ரெண்டுல பத்து ஓவர்லயே ரெண்டு பக்கமும் சொரசொரப்பாயிடுச்சு, ஆனா அப்பவும் தையல் பிரியல, கட்டர் (விரலால பந்தை வெட்டி விடற பால்) போட்டா பிட்ச்ல பிடிச்சுது. அப்படிப்பட்ட கிரவுண்டுல மட்டுமே ஆடுறவங்க இவ்ளோ செலவு பண்ணணுமான்னு யோசிச்சுக்கோங்க.

இப்போ குறை. ஆறுல ஒரு பந்து கையில வாங்கும்போதே கனமா இருந்துச்சு. வீட்டுக்கு எடுத்துட்டு வந்து டிஜிட்டல் தராசுல வச்சேன், 169 கிராம். விதிப்படி ஆம்பளைங்க ஆடுற பந்து 155.9ல இருந்து 163 கிராமுக்குள்ள இருக்கணும், சுற்றளவு 22.4ல இருந்து 22.9 சென்டிமீட்டர். மத்த அஞ்சும் எடைல சரியா இருந்துச்சு, நூலைச் சுத்தி ஸ்கேல்ல வச்சு அளந்தேன், அளவும் சரி. வித்தவங்ககிட்ட போட்டோ எடுத்து அனுப்பினா, பாக்ஸ் பிரிச்சுட்டீங்க மாத்த முடியாதுன்னுட்டாங்க. பிரிக்காம எப்படிங்க எடை போடறது? நிஜமாவே கோவம் வந்துச்சு. ஆறு கிராம் கூடுதலா இருக்கற பந்து முழங்கைக்கும் தோளுக்கும் என்ன பண்ணும்னு ஒரு ஸ்பெல் போட்டவங்களுக்குத் தெரியும். அதை இப்போ த்ரோ பிராக்டிஸுக்குக் கூட எடுக்கறதில்ல.

அதனால ஆன்லைன்ல வாங்குறவங்க பந்து வந்த அன்னைக்கே எடை போட்டுருங்க, மாத்தித் தருவாங்களான்னு வாங்கறதுக்கு முன்னாடியே கேட்டு வச்சுக்கோங்க. 13 வயசுக்குள்ள இருக்கற பசங்களுக்கு இதை வாங்கிக் குடுக்காதீங்க, அவங்களுக்கு 133ல இருந்து 144 கிராம்தான், தனியா விக்கிறாங்க.

அஞ்சுக்கு நாலு ஸ்டார் தரேன், கொறச்சது அந்த ஒரு பந்துக்காக. வர்ற ஞாயித்துக்கிழமை மேட்ச்ல டாஸ் போடறதுக்கு முன்னாடி ரெண்டு கேப்டனும் அம்பயரும் சேந்து தராசுல வச்சு பாத்துட்டுதான் பந்து எடுக்கணும்னு எதிர் டீம்கிட்டயும் பேசி வச்சிருக்கோம், தராசு நான் கொண்டு போறேன்.