ஒட்டவைத்த தீச்சக்கரம்: கோயில் விழாவுக்குப் படப்பிடிப்பாளரை அமர்த்துவோர் கவனத்துக்கு

கடந்த கார்த்திகை விளக்கீட்டன்று, விசுவமடுப் பக்கம் எங்கள் ஊர்ப் பிள்ளையார் கோயில் முன்றலில் சொக்கப்பனை எரிந்து தணிந்ததும் சிலம்ப வாத்தியார் தீப்பந்தம் சுழற்றினார். அவருக்கு வயது 72. அதைப் படமாக்கித் தருவதாக ஒருவர் எங்களிடம் 40,000 ரூபாய் வாங்கினார். வாங்கிக்கொண்டு, வாத்தியார் சுழற்றவே சுழற்றாத ஒரு வட்டத்தைப் படத்தில் ஒட்டித் தந்திருக்கிறார். வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கலும் அதையொட்டி ஊர்த் திருவிழாக்களும் வருகின்றன. இன்னொரு ஊர் இப்படி ஏமாறக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

இந்தப் படம் எங்களுக்கு ஏன் அவ்வளவு முக்கியம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். வாத்தியார் இளமையில் சிலம்பம் ஆடிய படங்கள் எல்லாம் ஒரு சூட்கேசில் இருந்தன. 2009 இல் இடம்பெயர்ந்து ஓடியபோது அது வழியில் போயிற்று. வன்னியில் இந்தக் கதை இல்லாத வீடு குறைவு. அதே ஆண்டில் ஷெல் துண்டு ஒன்று அவரது இடது மணிக்கட்டைப் பிளந்தது. அந்தக் கை இன்றும் முழுதாக மடங்காது. கம்பு வலக்கையிலிருந்து இடக்கைக்கு மாறும் கணத்தில், தீச்சக்கரத்தின் இடது கீழ்ப்பக்கம் சற்றே உள்வாங்கும். அவரிடம் பழகிய பிள்ளைகள் எல்லோருக்கும் அந்த நெளிவு தெரியும். அதைப் படமாக்க வேண்டும் என்றுதான் கனடாவில் இருக்கும் அவருடைய பழைய மாணவர் ஒருவர் பணம் அனுப்பினார்.

வந்தவர் பக்கத்து நகரத்தில் ஸ்ரூடியோ வைத்திருப்பவர். ஸ்ரூடியோவின் பெயரை இங்கே எழுதவில்லை. முன்பணம் கேட்க வந்த அன்று கைபேசியில் சில மாதிரிப் படங்களைக் காட்டினார்: குளக்கட்டில் ஒருவர் நிற்க, அவரைச் சுற்றிப் பொன்மழை போலத் தீப்பொறி. "இரணைமடுவில் எடுத்தது, அண்ணை" என்றார். நம்பினேன். பிறகு தேடிப் பார்த்தபோது அதே படம் ஒரு வெளிநாட்டவரின் பக்கத்தில் பல வருடங்களுக்கு முன்பே ஏறியிருக்கிறது. அன்றே அந்தத் தேடலைச் செய்திருந்தால் 40,000 ரூபாயும் மிஞ்சியிருக்கும், அந்த இரவும் மிஞ்சியிருக்கும்.

விளக்கீட்டு இரவில் நடந்தவற்றில் என்னால் மன்னிக்கவே முடியாதது ஒன்று உண்டு. வாத்தியார் வருவதற்கு முன்பு, பாத்திரம் துலக்கும் மெல்லிய இரும்பு நாரைக் கயிற்றில் கட்டிக் கொளுத்தி, ஒரு பையனின் கையில் கொடுத்துச் சுழற்றச் சொன்னார். கண்ணுக்குக் கண்ணாடி இல்லை, தலைக்குத் தொப்பி இல்லை, பையன் போட்டிருந்ததோ நைலோன் சேட். அந்த நாரிலிருந்து பறப்பது எரிந்துகொண்டிருக்கும் இரும்புத் துணுக்கு. நிலத்தில் விழுந்த பின்பும் சற்று நேரம் சுடும். பிரசாதக் கொட்டிலின் மேல் கட்டியிருந்த தறப்பாளில் ஏழு ஓட்டைகள். முதல் நாள் மழை பெய்து எல்லாம் நனைந்திருந்ததால் தப்பினோம். இதே வேலையை ஆடி மாதத்தில், காய்ந்த புல்லும் கிடுகு வேலியும் உள்ள இடத்தில் செய்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது.

அதோடும் விடவில்லை. சுவாலை பெரிதாகத் தெரியப் பந்தத்தில் கொஞ்சம் பெற்றோல் கலக்கலாம் என்றார். வாத்தியார் அவர் முகத்தைக்கூடப் பார்க்காமல் "மண்ணெண்ணெய் மட்டும்" என்றார். துணியை நனைத்து, சொட்டு வடியாமல் பிழிந்து, கட்டுக்கம்பியால் இறுக்கி, பக்கத்தில் ஈரச்சாக்கு வைத்த பிறகுதான் அவர் நெருப்பைத் தொடுவார். பெற்றோலின் ஆவி எந்தக் குளிரிலும் பற்றும். மண்ணெண்ணெய் ஏறத்தாழ 38 பாகை செல்சியசுக்கு மேல் சூடானால்தான் பற்றத்தக்க ஆவியை விடும். பந்தம் சுழற்றும் பிள்ளைகளின் பெற்றோர் இந்த ஒரு விடயத்தில் யார் சொன்னாலும் இளகக் கூடாது.

வாத்தியார் சுழற்றியது மூன்று நிமிடம். அந்த மூன்று நிமிடமும் படப்பிடிப்பாளர் முக்காலியை விரிக்கவில்லை. கமராவைக் கையில் பிடித்தபடி பளிச் பளிச்சென்று ஃபிளாஷ் அடித்துக்கொண்டிருந்தார். எனக்குச் சந்தேகம் வந்து கேட்டேன். "கணினியில் பார்த்துக்கொள்ளலாம், அண்ணை" என்றார்.

இரண்டு வாரம் கழித்து அல்பம் வந்தது. முதல் பார்வைக்கு அழகுதான். வாத்தியார் நடுவில் நிற்க, அவரைச் சுற்றிக் குறையில்லாத ஒரு செம்பொன் வட்டம். அந்தக் குறையின்மைதான் என்னை உறுத்தியது. இடது கீழ்ப்பக்கத்து நெளிவு எங்கே? அடுத்த படத்தைப் பார்த்தேன், அதிலும் இல்லை. பிறகு நிலத்தைப் பார்த்தேன். அன்று முன்றலில் மழைநீர் குட்டையாகத் தேங்கி நின்றது. அவ்வளவு பெரிய நெருப்பு தலைக்கு மேல் சுழன்றிருந்தால் அதன் பிம்பம் தண்ணீரில் விழுந்திருக்க வேண்டும். படத்தில் குட்டை கரிபோலக் கறுத்துக் கிடந்தது. வாத்தியாரின் முகத்திலும் நெருப்பின் நிறம் துளியும் இல்லை, ஃபிளாஷின் வெள்ளை மட்டுமே.

கோப்பின் விவரங்களைத் திறந்து பார்த்ததும் மீதிச் சந்தேகமும் தீர்ந்தது. ஷட்டர், அதாவது கமராவுக்குள் ஒளியை விடும் கதவு, திறந்திருந்த நேரம் 1/160 வினாடி. வாத்தியாரின் கம்பு ஒரு சுற்றுச் சுற்ற ஏறத்தாழ ஒரு வினாடி ஆகும். 1/160 வினாடியில் அது இரண்டு பாகைக்குச் சற்று அதிகமாகத்தான் நகரும். வட்டம் எங்கிருந்து வரும்? நெருப்புக் கோட்டைப் பதிய வேண்டுமென்றால் ஒரு சுற்று முடியும்வரையாவது ஷட்டர் திறந்திருக்க வேண்டும். முக்காலியோ வேறு அசையாத பிடிமானமோ இல்லாமல் அது நடக்காது. ஒளியுணர்திறன் (ஐஎஸ்ஓ) 100, வில்லையின் துளை எஃப் 8 அளவில், ஒன்று அல்லது இரண்டு வினாடி திறந்திருந்தால் போதும். ஆட்டம் தொடங்குமுன் டோர்ச் வெளிச்சத்தில் ஆள்மேல் குவியத்தைப் பிடித்து, அது நகராமல் கையியக்கத்துக்கு மாற்றிவிட வேண்டும். முகம் தெளிவாக வேண்டுமானால் ஷட்டர் மூடும் தறுவாயில் மெல்லிய ஃபிளாஷ் ஒன்று போதும். பணம் வாங்கிச் செய்கிறவருக்கு இது பாலபாடம்.

அக்காவின் மகன் அன்று தன் கைபேசியைக் கிணற்றுக்கட்டில் இரண்டு செங்கல்லுக்கு நடுவே செருகி, இரண்டு வினாடி வைத்து ஒரே ஒரு படம் எடுத்திருந்தான். ஓரங்கள் கலங்கலாக இருக்கின்றன, யாரோ ஒருவரின் தோள் குறுக்கே நிற்கிறது. ஆனால் சக்கரம் இடது கீழே உள்வாங்குகிறது. குட்டைக்குள் இன்னொரு சக்கரம் தலைகீழாக எரிகிறது. வாத்தியாரின் வீட்டுச் சுவரில் இப்போது தொங்குவது அந்தப் படம்தான். அல்பத்தை அவர் ஒருமுறை புரட்டிவிட்டு மடித்து வைத்தார், திரும்பக் கேட்கவில்லை.

பணத்தைக் கேட்டபோது, "எல்லாரும் இப்படித்தான் செய்கிறார்கள்" என்ற பதில் வந்தது. அதற்குப் பிறகு என் அழைப்பை எடுப்பதில்லை. பற்றுச்சீட்டு வாங்காதது என் பிழை. கைபேசிக் குரல் பதிவுகளையும் கோப்புகளையும் இணைத்து நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுதியிருக்கிறேன். அவர்களின் முறைப்பாட்டு இலக்கம் 1977. நீங்கள் ஆளை அமர்த்துவதாக இருந்தால், திருத்தாத மூலக் கோப்புகளையும் தர வேண்டும் என்று முன்பே எழுதி வாங்குங்கள். முதல் சுற்று முடிந்ததும் கமராவின் திரையில் வட்டம் தெரிகிறதா என்று அந்த இடத்திலேயே பாருங்கள். தெரியாவிட்டால் மீதிப் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

இன்னொன்று. எங்கள் அல்பத்தில் ஐந்து படங்களிலும் இருப்பது ஒரே வட்டம். மேலே வலப்பக்கம் ஒரு சிறு முறிவு, அதற்குக் கீழே மணி கோத்தது போல மூன்று பொறிகள். அதே வட்டம் உங்கள் ஊர்த் திருவிழாப் படத்திலும் இருந்தால் எனக்கு எழுதுங்கள். முறைப்பாட்டில் உங்கள் படத்தையும் சேர்த்துக்கொள்ளலாம்.