அம்மாவே அணைக்கிற லினக்ஸ் கணினி: ராஸ்பெரி பை 5

ராஸ்பெரி பை 5 என்கிற உள்ளங்கை அளவு கணினியை வாங்கியது வேகத்துக்காக இல்லை, ஓரத்தில் இருக்கிற அந்தக் குட்டி பவர் பட்டனுக்காக. என்னிடம் இருந்த பழைய ராஸ்பெரி பை போர்டில் பட்டனே கிடையாது, அம்மா தூங்கப் போகும்போது டிவி சுவிட்சோடு சேர்த்து அதையும் படக்கென்று அணைத்துவிடுவார், சிஸ்டம் இருக்கிற எஸ்டி கார்டு இரண்டு அப்படியே கெட்டுப்போனது. இப்போது ஒருமுறை அழுத்தினால் திரையில் மெனு வருகிறது, மறுபடி அழுத்தினால் எல்லாவற்றையும் எழுதி முடித்து ஒழுங்காக அணைகிறது (டெஸ்க்டாப் இல்லாத லைட் பதிப்பில் ஒரே அழுத்து போதும்). பச்சை விளக்கு அணைந்து சிவப்பு வந்ததும் சுவர் சுவிட்சைத் தொடலாம். கட்டளை தட்டுகிற டெர்மினல், பாஸ்வேர்டு எதுவும் வேண்டாம். ஆனால் பட்டனை விடாமல் பிடித்திருந்தால் பிளக்கைப் பிடுங்குவதற்குச் சமம், அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். போர்டை வைக்கத் தனியாக வாங்கிய பெட்டியில்தான் கோளாறு: பட்டன் ஓட்டைக்குள் விரல் நுழையவில்லை, அம்மா தலைவாரும் சீப்பின் காம்பால் குத்துகிறார்.